டெட் இல்லை என்று எழுதிக் கொடுத்த ஒன்பது படகுகள்

அனுப்புநர்
வி. பிரான்சிஸ் (வயது 49),
த/பெ. விருத்தாசலம்,
பிரான்சிஸ் வெல்டிங் பட்டறை,
மரக்காணம் சாலை,
திண்டிவனம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: வெள்ளோடைக்குப்பம் விசைப்படகுகள் – இழுவலையில் சிக்கும் கடல் ஆமைகளைத் தப்பவிடும் கம்பிக் கூண்டு – அதன் பெயரால் வந்த குழப்பம் – ஒன்பது படகுகளுக்கு அனுமதி மறுப்பு – அறிவிப்பைத் திரும்பப் பெறவும், படிவத்தில் ஒரு சொல்லை மாற்றவும் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: ஆமைப் பாதுகாப்புத் திட்டக் கண்காணிப்புக் குழுவின் அறிவிப்பு, நாள் 12.05.2025.

மதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. புகார் மனு என்றால் யார் மேல் புகார் என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று மனு எழுதும் இடத்தில் சொன்னார்கள். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புகார் என் மேல். நான் செய்த ஒரு வேலையால், வெள்ளோடைக்குப்பத்தின் ஒன்பது விசைப்படகுகள் வரும் ஜூன் 15 முதல் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மற்ற ஊர்ப் படகுகள் எல்லாம் புறப்படுகிற நாள் அது. அந்த ஒன்பது படகுக்காரர்களும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மனு எழுதித் தருபவர் நான் சொன்னதில் பாதியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தால் புரியாது என்பதால் நானே எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. நான் மீனவன் அல்ல. பெருமுக்கல் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, திண்டிவனத்தில் வெல்டிங் கற்றுக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாகச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல் கம்பி, கேட்டு, மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கும் மெஷினுக்குச் சல்லடை, இவைதான் என் வேலை. கடல் என்பதை வேளாங்கண்ணிக்குப் போகும்போது கரையில் நின்று பார்த்ததோடு சரி. கடந்த டிசம்பர் மாதம் ஆமைப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்த நிறுவனத்தார் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து, இதே மாதிரி ஒன்பது கூண்டு செய்ய முடியுமா என்று கேட்டார்கள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. முட்டை வடிவத்தில் ஒரு வளையம், அதற்குள் ஐந்தரை அங்குல இடைவெளி விட்டு நெட்டுக்குத்தாகக் கம்பிகள். மல்லாட்டைச் சல்லடை செய்கிற வேலைதான் இதுவும். சிறியது கம்பிக்கு நடுவே போய்விடும், பெரியது கம்பியில் சறுக்கி ஓரமாக வெளியே போய்விடும்.

3. எதற்காக என்று அவர்கள் விளக்கினார்கள். விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும் வலைக்கு வாய் அகலம், கடைசியில் பை மாதிரி மடி இருக்கும். மூன்று மணி நேரம் இழுத்த பிறகுதான் தூக்குவார்கள். மார்கழியிலிருந்து பங்குனி வரை முட்டையிட இந்தக் கரைக்கு வரும் பங்குனி ஆமை அதற்குள் போய்விட்டால் வெளியே வர வழி கிடையாது. மடிக்கு முன்னால் இந்தக் கம்பிக் கூண்டைச் சாய்வாகக் கட்டி, அதன் மேல்பக்கம் வலையில் ஒரு திறப்பு வைத்தால், மீனும் இறாலும் மடிக்குப் போகும், ஆமை கம்பியில் முட்டித் திறப்பு வழியாகப் போய்விடும். ஐயா, எனக்கு அதுவரை ஒரு விஷயம் தெரியாது. தண்ணீரிலேயே கிடக்கும் பிராணி தண்ணீரில் எப்படிச் சாகும் என்று நான் கேட்டேன். ஆமைக்கும் நம்மைப் போலத்தான், மேலே வந்து மூச்சு விட வேண்டும், விட முடியாமல்தான் சாகிறது என்றார்கள். அன்றைக்கு இருந்த மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதைத்தான் முதலில் எடுத்தேன்.

4. என் தவறு இங்கேதான் தொடங்குகிறது. வரைபடத்தில் அந்தக் கூண்டுக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துப் பெயர் போட்டு, பக்கத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் கொடுத்திருந்தார்கள். ஆமையை விலக்கும் கருவி என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள நீளப் பெயரின் சுருக்கமாம். மூன்றையும் சேர்த்து வாசித்தால் டெட் என்று வரும். ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. மீனவ மக்கள் படிக்கட்டுமே, அரசாங்க வேலை என்றால் தமிழில் இருக்கட்டுமே என்று நினைத்து, ஒவ்வொரு வளையத்தின் மேலும் வெல்டிங் ராடால் அழகாகத் தமிழில் எழுதினேன். டெட்-1, டெட்-2, அப்படியே டெட்-9 வரைக்கும். எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

5. ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கும் செத்துப்போனதற்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆஸ்பத்திரி வாசலில் டெட் பாடி என்ற சொல்லைக் கேட்காத குடும்பம் நம் பக்கத்தில் எது இருக்கிறது? எனக்கு அது தோன்றவே இல்லை. வேலை செய்பவனுக்குக் கம்பிதான் தெரியும்.

6. ஜனவரி 20 அன்று கூண்டுகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வெள்ளோடைக்குப்பம் போனேன். முதல் கூண்டை இறக்க வேண்டிய வீடு திருமதி கிருஷ்ணவேணி அவர்களுடையது. படகு அவர் பெயரில் இருக்கிறது. அவருடைய கணவர் பூவரசன் இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் வலை தூக்கும்போது கயிறு தட்டிக் கடலில் விழுந்தவர். மூன்றாம் நாள்தான் கரைக்கு வந்தார். இப்போது படகை ஓட்டுவது பூவரசனின் தம்பி தென்னரசு. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. டெட்-1 என்று எழுதிய இரும்பை அந்த அம்மாவின் வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவை நீட்டினேன்.

7. அவர் அதைப் படித்தார். உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்துவந்து எழுத்தின் மேல் போட்டு மூடினார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அண்ணா, இந்த ஊட்ல ஏற்கெனவே ஒண்ணு போயிட்ச்சி. நீங்க வேற நம்பர் போட்டு இன்னோண்ணு கொண்ணாந்து எறக்குறீங்களே.” சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சண்டை போடவில்லை, எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

8. மறுநாள் நிலைமை இன்னும் மோசமானது. பயிற்சி நிறுவனத்தார் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, “ஒவ்வொரு படகிலும் ஒரு டெட் கட்டாயம், டெட் இல்லாத படகு கடலுக்குப் போகக் கூடாது” என்று குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். பெண்கள் வெளியே வந்து வாயில் அடித்துக்கொண்டார்கள். “படகுல டெட்டு ஏத்திக்கினு எவனாவது தொழிலுக்குப் போவானா, நீங்களே சொல்லுங்க” என்று தென்னரசு என்னிடம் கேட்டார். அதில் நியாயம் இருந்தது. ஒன்பது கூண்டுகளும் ஐஸ் பிளாண்ட் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. ஆமை பற்றிய பயிற்சிக் கூட்டத்துக்கு நாலு பேர் போனார்கள், அதில் ஒருவர் டீ கொடுத்தவர். அந்த மக்களுக்கு ஆமை மேல் இரக்கம் இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஆமை உயிரோடு வலையில் வந்தால் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்துத் திரும்ப விடுவது அவர்கள் வழக்கம். உயிரோடு வருவதுதான் இல்லை. அந்தத் தை மாதத்தில் மட்டும் குப்பத்து மணலில் பதினேழு ஆமைகள் செத்து ஒதுங்கின என்று அவர்களே எனக்கு எண்ணிச் சொன்னார்கள்.

9. கண்காணிப்புக் குழுவிலிருந்து அப்போது கொடுத்த படிவத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டும், ஏனென்றால் இன்றைய தொல்லைக்கு அதுதான் வேர். ஐந்தாவது கட்டத்தில் “படகில் ஆட்கள் எண்ணிக்கை” என்று கேட்கிறார்கள். ஆறாவது கட்டத்தில் “படகில் டெட் எண்ணிக்கை” என்று கேட்கிறார்கள். ஆள் எத்தனை என்று கேட்ட கையோடு டெட் எத்தனை என்று கேட்டால் ஐயா என்ன எழுதுவீர்கள்? ஒன்பது பேரும் “இல்லை” என்று எழுதினார்கள். ஒருவர் “கடவுள் புண்ணியத்தில் இல்லை” என்று எழுதியிருக்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

10. மாசி மாதம் கிருஷ்ணவேணி அவர்களின் படகு வலையில் ஒரு பெண் ஆமை செத்து வந்தது. வயிற்றில் முட்டை இருந்தது. தென்னரசு அதைக் கடலில் தள்ளாமல் கரைக்குக் கொண்டுவந்தார். கிருஷ்ணவேணி அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சவுக்குத் தோப்பு ஓரம் மணலில் புதைத்தார். அன்று மத்தியானமே எனக்கு போன் செய்தார். “அண்ணா, கொஞ்சம் ஜல்தி வாங்க. அந்தப் பேர மட்டும் எடுத்துடுங்க. கம்பிய நாங்க கட்டிக்கிறோம்” என்றார். போனேன். ஏனம்மா மனம் மாறியது என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். “மூச்சு முட்டித்தான் செத்துகீது. எங்க ஊட்டுக்காரரும் அப்டித்தான் போனாரு. கட்டினா தப்பிக்கும்னு தெரிஞ்சும் கட்டாம இருக்க முடியலண்ணா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நான் கிரைண்டரை எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டதால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை.

11. ஒன்பது கூண்டிலும் இருந்த எழுத்தைத் தேய்த்து எடுத்தேன். வேறு என்ன பெயர் போடுவது என்று கேட்டதற்கு, “வாசல்னு போடுங்க, அது வெளிய போற வழிதானே” என்றார் கிருஷ்ணவேணி. அதனால் ஒன்பதிலும் “ஆமை வாசல்” என்று எழுதினேன். எண் போடவில்லை. எண்ணைப் பார்த்தாலே பயந்த மக்களுக்கு எண் எதற்கு என்று விட்டுவிட்டேன். இது என் இரண்டாவது தவறு. முதல் தவறைச் சரிசெய்யப் போய்ச் செய்தது.

12. மார்ச் 11 முதல் ஒன்பது படகுகளும் ஆமை வாசலைக் கட்டிக்கொண்டு போயின. 20ஆம் தேதி நானும் தென்னரசுவோடு போனேன். செய்த பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன நேரத்தில் முக்கால்வாசி நேரம் வாந்திதான் எடுத்தேன், அதைப் படகில் இருந்த எல்லாரும் மனதார ரசித்தார்கள். வலை தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தபோது படகுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு தலை மேலே வந்தது. மூக்கைத் தூக்கி ஒரு மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போய்விட்டது. அது எங்கள் வாசல் வழியாக வந்த ஆமையா, சும்மா அந்தப் பக்கம் போன ஆமையா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் கூண்டு கட்டிய நாள் முதல் ஏப்ரல் 14 வரை அந்த ஒன்பது படகின் வலையிலும் ஓர் ஆமைகூடச் செத்து வரவில்லை என்று ஒன்பது பேரும் உங்கள் முன் வந்து சொல்லத் தயார். திறப்பு வழியாகச் சில பெரிய மீனும் ஒரு திருக்கையும் தப்பிப் போயின என்பதும் உண்மை. அதற்காக யாரும் கூண்டைக் கழற்றவில்லை.

13. மார்ச் கடைசியில் மறுபடியும் அதே படிவம் வந்தது. அதே ஆறாவது கட்டம். படகில் இருப்பதோ ஆமை வாசல், கேட்பதோ டெட். மறுபடியும் ஒன்பது பேரும் “இல்லை” என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரல் 9 அன்று கண்காணிப்புக் குழுவிலிருந்து திரு. கோகுலகிருஷ்ணன் என்ற அலுவலர் நேரில் வந்தார். “படகுல டெட் இருக்கா” என்று கேட்டார். “அய்யய்யோ, மாரியாத்தா புண்ணியத்துல அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று பதில் சொன்னார்கள். சொன்ன ஆள் அப்போது கூண்டின் மேல்தான் கை வைத்துக்கொண்டு நின்றாராம். அலுவலர் எண்ணைத் தேடிப் பார்த்திருக்கிறார். எண் இல்லை, வரைபடத்தில் உள்ள பெயரும் இல்லை. எண்ணில்லாத, அங்கீகாரம் பெறாத கம்பி என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் கொடுத்த பட்டியலில் இருந்ததை அவர் தேடினார்.

14. மேற்படி பார்வையில் கண்ட அறிவிப்பில், “தங்கள் படகில் டெட் இல்லை எனத் தாங்களே இரண்டு முறை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளதால்” அனுமதி நிறுத்தப்படுகிறது என்றும், ஜூன் 10க்குள் விளக்கம் தரலாம் என்றும் உள்ளது. இதைத் தென்னரசு எனக்குப் போனில் படித்துக் காட்டினார். கோபப்படுவார் என்று பார்த்தேன். “இதுக்குத்தான் சொன்னேன், அந்தப் பேரு வெளங்காதுன்னு” என்று மட்டும் சொன்னார்.

15. நான் திரு. கோகுலகிருஷ்ணன் அவர்களைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், சிரிக்கவும் செய்தார், பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டார். படிவத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லையாம். ஆனால் ஒரு வழி சொன்னார். திருத்தப் படிவம் தருவதாகவும், ஆறாவது கட்டத்தில் “டெட் – 1” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுநாளே அனுமதி கிடைக்க ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். நல்ல மனதோடு சொன்ன வழி. எட்டு படகுக்காரர்கள், வேறு வழி இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறோம் என்றார்கள்.

16. கிருஷ்ணவேணி அவர்கள் எழுத மாட்டேன் என்கிறார். படித்தவர்தான், பத்தாவது வரை போனவர். வெறும் சொல்தானே அம்மா, அதற்கு அர்த்தம் வேறு என்று தெரியுமே என்று நானே எடுத்துச் சொன்னேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். பூவரசன் போனபோது விபத்து விவரப் படிவம் ஒன்றை நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அதிலும் படகின் பெயர், படகில் ஆட்கள் எண்ணிக்கை, அதற்கு அடுத்த கட்டத்தில் இறந்தோர் எண்ணிக்கை. அவரே தன் கையால் ஒன்று என்று போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். “அதே படகுண்ணா. அதே கட்டம். எங்கொழுந்தன் ஏறிப் போற படகுக்கு மறுக்கா ஒண்ணு போட எங்கையில வராது” என்றார். இதைக் கேட்ட பிறகு மற்ற எட்டுப் பேரும் தங்கள் திருத்தப் படிவங்களை நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள். அவர் படகு கட்டிக் கிடக்க நாங்கள் மட்டும் போவதில்லை என்கிறார்கள். இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது.

17. ஆகவே ஐயா அவர்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். அந்த ஒன்பது படகுகளிலும் கூண்டு இருக்கிறது. ஓர் அலுவலரை அனுப்பி வளையத்தையும் கம்பி இடைவெளியையும் அளந்து பார்த்துவிட்டு, 12.05.2025 நாளிட்ட அறிவிப்பைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். எண் அவசியம் என்றால் படகின் பதிவு எண்ணையே வளையத்தில் எழுதித் தருகிறேன், அதற்கு ஒரு நாள் போதும். எழுத்தை அழித்தது அவர்கள் அல்ல, நான். தண்டனை என்று ஏதாவது இருந்தால் என் பட்டறைக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் படகுக்கு அல்ல. இந்தப் படிவம் மற்றக் குப்பங்களுக்கும் போகிறது என்று கேள்விப்பட்டேன். அடுத்த மார்கழியில் ஆமைகள் வருவதற்குள் அந்த ஆறாவது கட்டத்தை மாற்றாவிட்டால், இன்னும் எத்தனையோ ஊர்களில் நல்ல கூண்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடக்கும், ஆமைகள் மணலில் கிடக்கும்.

18. அந்தக் கட்டத்தில் “ஆமை வாசல் உண்டா” என்று அச்சடித்துக் கொடுக்கும்படி உத்தரவிட வேண்டுகிறேன். அதைக் கிருஷ்ணவேணி அவர்களிடம் கொடுங்கள் ஐயா. யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. “உண்டு” என்று அவரே எழுதுவார்.

தங்கள் நல்ல பதிலுக்காகப் பட்டறையை மூடிவிட்டு இந்தத் திங்கட்கிழமை நேரில் வந்து நிற்கும்,

(கையொப்பம்)
வி. பிரான்சிஸ்

இடம்: விழுப்புரம்
நாள்: 26.05.2025